மணிக்கு முந்திய மல்லி

ராஜகுமாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பனவடலிசத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும். சங்கரன்கோவில் பூச்சந்தையில் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஆனால் அன்றைக்குக் காலையில் அவள் சத்தம் போடவில்லை. ஸ்கூட்டரிலிருந்து மல்லிக் கூடையை இறக்கினாள். வழக்கமாகத் தான் உட்காரும் இடத்தில் ஈரச்சாக்கு ஒன்று விரித்துக் கிடப்பதைப் பார்த்தாள். பக்கத்து இடத்துக்காரர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதையும் பார்த்தாள். சாக்கை ஒட்டித் தரையில் கூடையை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பூ வாடாமல் இருக்கப் போடுகிற அதே சாக்குதான். ஆனால் கூடை மேல் போட்டால் பூவுக்குக் காவல். வெறும் தரையில் போட்டால் ஆளுக்குத் தண்டனை. அந்தச் சாக்கு கிடக்கும்வரை அந்த ஆளின் பூவை யாரும் எடுக்கக்கூடாது, யாரும் நிறுக்கக்கூடாது. இந்தச் சந்தையில் அப்படியொரு வழக்கம்.

சங்கச் செயலாளர் ஜெபசுந்தர் தயங்கித் தயங்கி வந்தான். ரோஜாவும் செவ்வந்தியும் விற்கிறவன், சின்ன வயசுக்காரன், யாரையும் நோகடிக்கத் தெரியாதவன். அவனைப் போய்ச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

"அக்கா, ஒரு மாசம்னு தலைவர் சொல்லிட்டாரு. நேத்து மணிக்கு முந்தி வித்தியள்லா, அதுக்கு."

"யாரு புகார் குடுத்தது?"

"தலைவர்தான்."

"யாரு விசாரிச்சது?"

ஜெபசுந்தர் தலையைச் சொறிந்தான். "விசாரிக்க என்னக்கா இருக்கு? அவரே பாத்தாரு, அவரே சொல்லிட்டாரு."

தலைவர் துரைப்பாண்டி அண்ணாச்சியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையே வேண்டாம், நாலு பேர் சேர்ந்து ஆளை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். வெயிலில் தார் ரோட்டில் கிடந்த சந்தைக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்தவர் அவர். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று நகராட்சிக்கு நடையாய் நடந்து வாங்கியவர் அவர். முன்பெல்லாம் பெரிய வியாபாரிகள் விடியும் முன்னே ரோட்டிலேயே பூ விளைவிக்கிற சம்சாரிகளை மறித்து, அவசரத்துக்கு அடிமாட்டு விலை பேசிப் பூவைப் பறித்துக்கொண்டு போவார்கள். அதை நிறுத்தத்தான் கொட்டகைத் தூணில் ஒரு வெண்கல மணியைத் தொங்கவிட்டு, மணி அடிக்கும்வரை யாரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று விதி போட்டார். நல்ல விதி. ராஜகுமாரியே அதனால் நாலு காசு பார்த்தவள்.

விதியைப் போட்டவர் அவர். மணியை அடிக்கிறவரும் அவர். மீறினவரைப் பிடிக்கிறவரும் அவர், சாக்கைப் போடுகிறவரும் அவர். சந்தையிலேயே பெரிய கமிஷன் கடையும் அவருடையதுதான். இதில் எதுவும் யாருக்கும் உறுத்தவில்லை. வீட்டில் சமைக்கிறவரே பரிமாறுவதில்லையா என்பது மாதிரி எல்லோரும் இருந்தார்கள்.

முந்தின நாள் நடந்தது இதுதான். மணி ஏழுக்கு அடிக்க வேண்டும். ஏழு ஆனது, ஏழே கால் ஆனது, அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிக் காற்றில் வெயில் தெரியாது, ஆனால் மல்லி மொட்டுக்குத் தெரியும். மேல் அடுக்கு மொட்டுகள் லேசாக வாய் திறக்கத் தொடங்கின. விரிந்த மல்லி கேரளா வண்டிக்கு ஆகாது. புனலூரிலிருந்து கல்யாணத்துக்குப் பூ எடுக்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், ராஜகுமாரி கூடையைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பொறுமை தீர்ந்தது. கூடையோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சியின் வேன் வந்தது. அதன் பிறகுதான் மணி அடித்தது.

இப்போது ஒரு மாசம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியாகிவிட்டது. ஊரே பூ கேட்கும் நேரம். ஒரு மாசம் போனால் தபசும் போச்சு, ஆவணி முகூர்த்தமும் போச்சு. தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ கொண்டுபோகலாம் என்றால் பஸ் போய்ச் சேருவதற்குள் மொட்டு விரிந்துவிடும். அரை ஏக்கர் மல்லிதான் அந்த வீட்டுக்குச் சோறு. செடிக்குத் தண்டனை தெரியாது, அது பாட்டுக்குப் பூக்கும்.

அவள் புருஷன் பேச்சிராஜ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, மஞ்சள் வேனோடு சந்தைக்கே வந்துவிட்டான். டீக்கடை ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஏட்டி, போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுரு. அண்ணாச்சி இளகின மனசு. பத்து நாளாக் குறைச்சிருவாரு."

"அதுதாங்க பயமா இருக்கு."

"என்னது?"

"அவரு மனசு இளகுனா பத்து நாளு. அன்னைக்கு அவரு வீட்டுல காப்பி சரியில்லன்னா ரெண்டு மாசம். நான் அவரு மனசப் பாத்துக்கிட்டா பூ விக்க முடியும்?"

பேச்சிராஜுக்கு இந்தத் தொனி தெரியும். கல்யாணமான புதிதில் அவள் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்றுகொண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிப்பாள். சட்டம் போடுவது ஒரு கை, நடத்துவது ஒரு கை, தீர்ப்புச் சொல்வது ஒரு கை, மூன்றும் ஒரே உடம்பில் ஒட்டியிருக்கக் கூடாது என்று தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு எது என்று தேர்வில் கேட்டார்கள். ஐம்பது என்று தெரிந்தும், பதற்றத்தில் ஐம்பத்தொன்றுக்கு வட்டம் போட்டுவிட்டு வந்தாள். வேலை கிடைக்காததற்கு அந்த ஒரு கேள்விதான் காரணமா என்பது தெரியாது. ஆனால் ஐம்பது என்ற எண் அவளுக்குள் முள்ளாக இருந்தது. எடை போடும்போது ஐம்பது கிராம் என்று யாராவது சொன்னால்கூட முகம் மாறும்.

"இன்னைக்குச் சங்கக் கூட்டத்துல பேசப் போறேன்," என்றாள்.

"சண்டை போடப் போறேன்னு சொல்லு."

"பேசப் போறேன்னுதான் சொன்னேன்," என்று சொல்லிவிட்டு அவன் டீயையும் வாங்கிக் குடித்தாள்.

சந்தை கலைந்ததும் கொட்டகைக்குள்ளேயே கூட்டம் கூடியது. துரைப்பாண்டி அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ராஜகுமாரி எழுந்தாள்.

"நான் மணிக்கு முந்தி வித்தது உண்மை. அத இல்லன்னு சொல்ல வரல. ஆனா அண்ணாச்சி, புகார் சொன்னதும் நீங்க, தீர்ப்புச் சொன்னதும் நீங்க. இது செல்லாது. நம்ம நாட்டு அரசியலமைப்புச் சட்டத்துல ஐம்பதாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா..."

அவ்வளவுதான், கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "ஏலே, பூவுக்கும் கான்ஸ்டிடியூஷனா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ராஜகுமாரியின் காது சிவந்தது.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்களைக் கையமர்த்திவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"எம்மா ராஜகுமாரி, நீ படிச்ச பிள்ள. ஆனா நம்ம ஊரு எந்த ஊருன்னு மறந்துட்ட. சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்புல நிக்கிற ஊரு இது. அந்தக் கோலத்தப் பாக்கணும்னு கோமதி அம்பாளே தவம் நின்னா. இன்னைக்குக் கொடி ஏறியிருக்கு. இந்த நேரத்துல வந்து நீ பிரி பிரிங்கிய."

எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சிராஜ்கூடத் தட்டப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ராஜகுமாரி கைதட்டல் அடங்கும்வரை நின்றாள். "சாமி ஒண்ணா இருக்கலாம் அண்ணாச்சி. சாமிக்குத் தப்பு வராது. நமக்கு வரும்லா?"

அண்ணாச்சியின் முகத்தில் முதல்தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது. அவருக்குத் தன் நியாயத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் அவள் தொட்டுவிட்டாள்.

"சரி. யாரு வேணும்னாலும் உக்காந்து விசாரிக்கட்டும். யாரு விசாரிச்சாலும் நான் சொன்னது மாறாது. ஆளு யாருன்னு நீயே சொல்லு."

"ஐஸ்கடை ஹுசைன் பாய்."

மறுபடியும் சலசலப்பு. கேரளா போகும் பூவுக்கு ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் கொடுக்கிற முகம்மது ஹுசைன், கொட்டகை ஓரத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எந்தக் கட்சியிலும் சேராத மனிதர், எப்போதும் எரிச்சல் படுகிற மனிதர். கொட்டகை வாடகை விஷயத்தில் அண்ணாச்சியோடு பேச்சு வார்த்தை இல்லை. ராஜகுமாரியோ போன வாரம்தான் அவர் ஐஸ் பாதி உருகிவிட்டது என்று நடு ரோட்டில் வைத்து அவரைக் கிழி கிழி என்று கிழித்திருந்தாள்.

"அவரு எதுக்கு?" என்றான் ஜெபசுந்தர்.

"அவருக்கு எங்க ரெண்டு பேர் மேலயும் ஒரே அளவுக் கோவம்."

"அது உண்மைதான்," என்றார் ஹுசைன் பாய், பெட்டியை விடாமல். "எனக்கு வேலை கெடக்கு. வேற ஆளப் பாருங்க."

அண்ணாச்சியே கூப்பிட்டார். அதன் பிறகுதான் ஹுசைன் பாய் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒரு கூடையில் உட்கார்ந்தார். அவர் எடைக்குக் கூடை கீச்சிட்டது.

"நான் சொன்ன பொறவு ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. சம்மதமா?"

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"மணிக்கு முந்தி விக்கக் கூடாதுன்னு தெரியுமா உனக்கு?" என்று ராஜகுமாரியிடம் கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வித்தியா?"

"தெரிஞ்சுதான் வித்தேன். மொட்டு விரிஞ்சிட்டு. மணி அடிக்கல."

ஹுசைன் பாய் திரும்பினார். "நேத்து மணி ஏன் பிந்துச்சு?"

"என் வேன் வரல," என்றார் அண்ணாச்சி.

சாதாரணமாகச் சொன்னார், வெட்கமோ மறைப்போ இல்லாமல். "என் வேன்தான் நெறையப் பூ எடுக்கும். அது வந்தாத்தான விலை ஏறும்? சம்சாரிக்கு நல்லதுன்னுதான் பொறுத்தேன்." அவர் மனதில் அது உண்மையாகவே நன்மைதான். ஆனால் சொல்லி முடித்ததும் எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவர் கவனித்தார். சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

ஹுசைன் பாய் தீர்ப்பைச் சொன்னார்.

"விதி நல்ல விதி. தெரிஞ்சே மீறியிருக்கா. அதுக்குத் தண்டனை உண்டு. ஒரு மாசங்கிறது அநியாயம். மூணு நாளு. நாளையிலருந்து." பிறகு எழுந்தார். "மணி பிந்துனது வேற வழக்கு. அத இன்னைக்கு யாரும் எங்கிட்டக் கொண்டு வரல. கேக்காத வழக்குக்கு நான் தீர்ப்புச் சொன்னா அது ஹராம்." போய்ப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் பேச்சிராஜ் வேனில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். "நீ கூட்டிட்டு வந்த ஆளே உனக்குச் சாக்கு போட்டுட்டாரேட்டி!"

ராஜகுமாரிக்கு எரிச்சல் வரத்தான் செய்தது. மூன்று நாள் பூ சும்மாவா? கொடியேற்றத்துக்கு மறுநாள் பூ! தான் தேர்ந்தெடுத்த மனிதர் தன் பக்கம் ஒரு வார்த்தையாவது சாய்வார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கூட்டரை எடுத்தவள், குருக்கள்பட்டி தாண்டுகிறவரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். வெகுநாளாக முதுகில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனி யார் மனசு இளகியிருக்கிறது என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

செடியில் விட்டால் செடிக்குக் கேடு, பறித்துத்தான் ஆக வேண்டும். அந்த மூன்று நாளும் பனவடலிசத்திரத்தில் மல்லி இல்லாத தலை கிடையாது. பேச்சிராஜின் வேனில் போன பிள்ளைகள் எல்லாம் கல்யாணப் பெண்கள் மாதிரி பள்ளிக்கூடத்தில் இறங்கினார்கள். வேனின் கண்ணாடிக்கும் ஒரு முழம் தொங்கியது.

நாலாம் நாள் அவள் சந்தைக்குப் போனபோது சாக்கு இல்லை. அவள் இடம் கழுவிக் கிடந்தது. ஆனால் சந்தையில் வேறொரு சூடு ஏறியிருந்தது. மணி பிந்தினதால் மொட்டு விரிந்து நஷ்டப்பட்டவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. குருவிகுளத்துக்காரர்கள், ராயகிரிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அண்ணாச்சி மேல் புகார் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே கூட்டம். ஹுசைன் பாய் இந்தத் தடவை கண்டிப்பாக மறுத்துவிட்டார். எல்லா வழக்குக்கும் தானே உட்கார்ந்தால் நாளைக்குத் தன்னை யார் விசாரிப்பது என்று கேட்டுவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டார்.

"ராஜகுமாரி உக்காரட்டும்!" என்று யாரோ கத்தினார்கள். அதன் பிறகு எல்லோரும் கத்தினார்கள். போன கூட்டத்தில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். ஜெபசுந்தர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டு, தோளில் கிடந்த துண்டால் துடைத்தும் விட்டான்.

துரைப்பாண்டி அண்ணாச்சி எழுந்தார். "அவளே உக்காரட்டும். எனக்கு ஒண்ணும் பயமில்ல." ஆனால் வேட்டி நுனியை இரண்டு தடவை சரிசெய்துகொண்டார்.

ராஜகுமாரி நாற்காலியைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? தன் இடத்தில் கிடந்த ஈரச்சாக்கு கண்ணுக்குள் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் வந்தார்கள். கொட்டகை முழுக்கக் கேட்ட அந்தச் சிரிப்பு வந்தது. என்ன தீர்ப்பு என்றுகூட மனது சொல்லிவிட்டது. விசாரணையே தொடங்கவில்லை, அதற்குள் தீர்ப்புத் தயாராக இருந்தது. அதைத் தனக்குள் கேட்ட அந்த நொடியில்தான் அவள் நாற்காலியை ஒரு கையால் தள்ளி வைத்தாள்.

"நான் உக்காரக் கூடாது. பூ விரிஞ்சதுல நானும் ஒருத்தி. நான் சாட்சி சொல்லுதேன். உக்காருததுக்கு வேற ஆளச் சொல்லுங்க, அதுவும் அண்ணாச்சிக்குச் சம்மதமான ஆளா."

"அவரு சம்மதம் எதுக்குக்கா?" என்றான் ஜெபசுந்தர்.

"எனக்குக் கேட்டாங்கள்லா, அவருக்கும் கேக்கணும்."

சம்மதமான ஆள் கிடைக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் கோவில் வாசலில் பூக்கட்டி விற்கிற கோமதியம்மாள் என்று முடிவானது. விளைவிக்கிறவளும் இல்லை, கமிஷன் கடைக்காரியும் இல்லை; உதிரிப் பூ வாங்கிப் போகிறவள். அவளுக்கு நாற்காலி பழக்கம் இல்லாததால் நுனியில்தான் உட்கார்ந்தாள். ஆனால் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். ராஜகுமாரி சாட்சி சொன்னாள். அண்ணாச்சி, நன்மைக்குத்தான் செய்தேன் என்று மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை குரலில் அந்தப் பழைய நிமிர்வு இல்லை.

கோமதியம்மாள் சொன்னது சின்னத் தீர்ப்பு. மணி இனிமேல் தலைவர் கையில் வேண்டாம், பூ வாங்காத, விற்காத ஆள் யாராவது ஏழு மணிக்கு அடிக்கட்டும். அண்ணாச்சியின் வேன் மூன்று நாள் சந்தைக்கு வெளியே நிற்கட்டும்.

கூட்டம் கலைந்தது. சிலருக்கு ஏமாற்றம். மூன்று நாள்தானா என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ராஜகுமாரி காலிக் கூடையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்து பக்கத்தில் நின்றார்.

"எம்மா, ஒண்ணு கேக்கட்டா? நான் உனக்கு ஒரு மாசம் போட்டேன். இன்னைக்கு நீ உக்காந்திருந்தா என்ன போட்டிருப்ப?"

ராஜகுமாரி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு வருஷம் அண்ணாச்சி. அதனாலதான் உக்காரல."

அண்ணாச்சி தன் தோள்துண்டை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்த கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொடுத்தார்.

"இந்தப் பக்கமும் ஒரு கட்டுப் போடு," என்றார். "வழியில விழுந்திரும்."